பாதியில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள்: கார்டு கடனுக்கு செட்டில்மென்ட்டா, கவுன்சலிங்கா?

2025 மார்ச் 2, மாலை: கேள்வி

ஜெர்சி சிட்டியில் இருக்கிறேன். மூன்று கார்டில் சேர்த்து 27,000 டாலர் கடன், வட்டி சராசரியாக 25 சதவீதம். மினிமம் மட்டுமே மாதம் 830 போகிறது, பாக்கி அசையவே மாட்டேன் என்கிறது. கைக்கு வரும் சம்பளம் 5,100. வாடகை 2,300. மனைவி எச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. ஒரு குழந்தை. ஒரு செட்டில்மென்ட் கம்பெனியில் பேசினேன். கார்டுக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு அவர்கள் சொல்லும் கணக்கில் மாதம் 480 டாலர் வீதம் 42 மாதம் போட்டால் கடன் பாதியில் முடிந்துவிடும் என்கிறார்கள். கிரெடிட் கவுன்சலிங் போனால் முழுக் கடனையும் வட்டியோடு கட்ட வேண்டுமாம். பாதியில் முடியும் வழி இருக்கும்போது யாராவது முழுசாகக் கட்டுவார்களா? எனக்கு செட்டில்மென்ட்தான் சரி என்று படுகிறது. நாளைக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

2025 மார்ச் 2, இரவு: பதில்

தம்பி, நாளைக்குக் கையெழுத்து வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஒரு வாரத்தில் எந்தச் சலுகையும் ஓடிப்போகாது.

முதலில் 480-ஐ 42-ஆல் பெருக்கிப் பாருங்கள். 20,160 வருகிறது. 27,000-இல் பாதி 13,500. இடையில் இருக்கிற 6,660 டாலர் யாருக்கு என்று கேட்டீர்களா? அது அவர்களுடைய கட்டணம். நீங்கள் அவர்கள் திட்டத்தில் சேர்க்கும் மொத்தக் கடனில் 15 முதல் 25 சதவீதம் வரை வாங்குவார்கள். மிச்சப்படுத்திக் கொடுத்த தொகையில் இல்லை, சேர்த்த கடன் தொகையில். 27,000-க்கு 25 சதவீதம் 6,750. கணக்கு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகிறது பாருங்கள். ஆக அது பாதி இல்லை, நாலில் மூன்று பங்கு.

இதே கணக்கை 2018 டிசம்பரில் எங்களுக்கு யாராவது போட்டுக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதே நியூ ஜெர்சியில், எடிசனில் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானும் என் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டோம். நாலு கார்டு, 31,400 டாலர். அவருக்கு ஏழு மாதம் வேலை இல்லாமல் போனது, நாத்தனார் கல்யாணம், அவசரத்துக்கு எடுத்த விமான டிக்கெட், எல்லாம் கார்டில்தான் ஏறியது.

2025 மார்ச் 3, காலை

ராத்திரி படுத்த பிறகும் உங்கள் கணக்கே மனதில் ஓடியது. 27,000-க்கு 25 சதவீத வட்டி என்றால் மாத வட்டி மட்டும் 562 டாலர். நீங்கள் கட்டும் 830-இல் 562 வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 270-க்கும் குறைவுதான். அதனால்தான் அசையவில்லை.

கிரெடிட் கவுன்சலிங் அமைப்பு வங்கிகளிடம் பேசி வட்டியைக் குறைக்கச் சொல்லும். பெரும்பாலும் 8 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும், சில வங்கிகள் அதற்கும் கீழே இறங்கும். 8 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 27,000-ஐ ஐந்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 547 டாலர்.

திரும்ப ஒரு தடவை படியுங்கள். இப்போது வட்டிக்கு மட்டும் போவது 562. வட்டி குறைந்தால் அசலும் வட்டியும் சேர்த்து 547. உங்களை அழுத்துவது அந்த 27,000 இல்லை தம்பி, அதன் மேல் உட்கார்ந்திருக்கிற 25 சதவீதம். வட்டியை இறக்கினால் உங்களால் அசலைக் கட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியும் என்றால் நீங்கள் செட்டில்மென்ட் பக்கமே போக வேண்டியதில்லை.

2025 மார்ச் 3, மதியம்

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டார்: "நீங்கள் சொல்லும் வழியில் 547 வீதம் 60 மாதம், கிட்டத்தட்ட 32,850, அதோடு மாதக் கட்டணம் வேறு. செட்டில்மென்ட்டில் 20,160. பன்னிரண்டாயிரத்துக்கு மேல் நஷ்டம்தானே?"

நியாயமான கேள்வி. காகிதத்தில் பார்த்தால் செட்டில்மென்ட் மலிவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 20,160 என்பது எல்லா வங்கியும் சம்மதித்து, எல்லாரும் பாதிக்கு இறங்கி, யாரும் கேஸ் போடாமல், பாக்கியும் ஏறாமல் இருந்தால்தான். கட்டுவதை நிறுத்தினால் தாமதக் கட்டணமும் அபராத வட்டியும் சேரும். பாக்கி 27,000-லேயே நிற்காது. பேச வேண்டிய கட்டாயம் எந்த வங்கிக்கும் கிடையாது. எங்கள் நாலு கார்டில் அந்தக் கம்பெனி முடித்துக் கொடுத்தது ஒன்றே ஒன்று.

2025 மார்ச் 5

செட்டில்மென்ட் கம்பெனியோடு நாங்கள் இருந்த எட்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். நீளமாகத்தான் எழுத வேண்டும்.

2019 ஜனவரியில் நாலு கார்டுக்கும் கட்டுவதை நிறுத்தினோம். அது தற்செயலாக நடப்பதில்லை, அவர்கள் வேலை செய்யும் முறையே அதுதான். ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு எந்த வங்கி தள்ளுபடி தரும்? மாதம் 520 தனிக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கு முதல் அழைப்பு வரும், பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருப்பேன். போனைக் கவிழ்த்து வைத்தாலும் மேசை அதிரும், பையன் "அம்மா, போன்" என்று எடுத்துக் கொடுப்பான். இப்போது கலெக்ஷன் ஏஜென்சிகள் ஒரு கடனுக்கு ஏழு நாளில் ஏழு தடவைக்கு மேல் அழைக்கக் கூடாது என்று 2021 நவம்பர் 30 முதல் விதி இருக்கிறது. நேரமும் காலை 8 முதல் இரவு 9 வரைதான். ஆனால் அந்த ஏழு என்ற எண்ணிக்கை வெளி ஏஜென்சிக்குத்தான், கடன் கொடுத்த வங்கியே நேரடியாக அழைத்தால் பொருந்தாது.

ஆறு மாதத்தில், அதாவது 180 நாளில், வங்கி கணக்கை சார்ஜ் ஆஃப் செய்துவிடும். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று இதைப் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை. அவர்கள் புத்தகத்தில் நஷ்டம் என்று எழுதிக்கொள்கிறார்கள், கடன் உங்கள் தலையில்தான் இருக்கும். அப்புறம் அதை யாருக்காவது விற்கலாம், கேஸும் போடலாம்.

ஜூலையில் சின்ன கார்டை முடித்தார்கள். 3,600 ஆக இருந்தது 4,150 வரை ஏறி, 2,000-க்குப் படிந்தது. அதற்குக் கட்டணம் 900. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆகஸ்டில் கோர்ட்டிலிருந்து உறை வந்தது. உள்ளே ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அச்சடித்த சம்மன். பெரிய கார்டு, 12,300 ஆக இருந்தது 14,100 என்று போட்டிருந்தது. 35 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு. கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஸ்கேன் செய்து அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். இருபது நாள் ஆனது. திரும்பக் கேட்டால், கோர்ட்டில் ஆஜராவது எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்று பதில். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், ஒன்பதாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மீதி இருந்த நாளில் நானே கோர்ட் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம் பேசியதில் 14,100-ஐ வட்டியில்லாமல் மாதம் 250 வீதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். கோர்ட்டில் எழுதிப் பதிவு செய்தோம். மீதி இரண்டு கார்டையும் ஒரு லாபநோக்கற்ற கவுன்சலிங் அமைப்பு எடுத்துக்கொண்டது. கடைசித் தவணை 2024 மே மாதம். அன்றைக்கு நான் கோயிலுக்குக் கூடப் போகவில்லை, வீட்டில் பால் பாயசம் வைத்தேன், அவ்வளவுதான்.

2025 மார்ச் 6

நேற்று எழுத விட்டுப்போனது. ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம். போனில் பேசி ஆள் சேர்க்கும் செட்டில்மென்ட் கம்பெனிகள், குறைந்தது ஒரு கடனையாவது முடித்து நீங்கள் அதில் ஒரு தவணையாவது கட்டிய பிறகுதான் கட்டணம் எடுக்கலாம். ஃபெடரல் டிரேட் கமிஷன் 2010 அக்டோபரில் கொண்டுவந்த விதி இது. தனிக் கணக்கில் இருக்கும் பணம் உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அபராதம் கிடையாது, ஏழு வேலை நாளில் மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு 1,180 டாலர் திரும்பி வந்தது. கோர்ட் தவணையின் முதல் நாலு மாதத்தை அதிலிருந்துதான் கட்டினோம்.

முன்பணம் கேட்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்.

2025 மார்ச் 9

நல்ல கவுன்சலிங் அமைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மூன்று பேர் கேட்டாயிற்று. உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். மினிமம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும் என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே மூன்று வருடத்தில் முடிக்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று இருக்கும். கட்டத்துக்குக் கீழே கிரெடிட் கவுன்சலிங் விவரத்துக்கு என்று ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் போட்டே ஆக வேண்டும். நான் ஐந்து வருடமாக மாதம் நாலு ஸ்டேட்மென்ட் பிரித்திருக்கிறேன், அந்த எண்ணை ஒரு நாளும் பார்த்ததில்லை. கண் நேராக மினிமம் தொகைக்குத்தான் போகும்.

இன்னொரு வழி, என்.எஃப்.சி.சி. என்ற தேசியக் கூட்டமைப்பு. 1951-இலிருந்து இருக்கிறது. அதில் உறுப்பினராக இருக்கிற உள்ளூர் அமைப்பைக் கேளுங்கள். லாபநோக்கற்றது என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். 2000-களில் அந்தப் பலகையை மாட்டிக்கொண்டு மக்களைச் சுரண்டிய பல அமைப்புகளின் வரிவிலக்கை வருமான வரித் துறையே பறித்தது.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஒன்று: கடன்காரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் நடுவில் நின்று லாபத்துக்காகக் கடன் தீர்த்துக் கொடுப்பது இங்கே சட்டப்படி குற்றம். லாபநோக்கற்ற, உரிமம் பெற்ற அமைப்புகள்தான் செய்யலாம். வக்கீல்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இல்லை. அதனால்தான் இங்கே வரும் கம்பெனிகள் பல, ஏதாவது ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயரில் வருகின்றன. எங்களுடையதும் அப்படித்தான். தம்பி, உங்கள் காகிதத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

2025 மார்ச் 10

வரியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். தள்ளுபடி ஆன தொகை 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் வங்கி 1099-சி படிவம் அனுப்பும். அது உங்கள் வருமானமாகச் சேரும். 13,500 தள்ளுபடி, உங்கள் வரி அடுக்கு 12 சதவீதம் என்றால் 1,620 டாலர் வரி. இதைத் தவிர்க்க முடியாது.

2025 மார்ச் 22

மேலே "தவிர்க்க முடியாது" என்று எழுதியது தப்பு. வரிக்கணக்கு பார்க்கும் ஒரு தோழி திருத்தினார். கடன் தள்ளுபடி ஆவதற்குச் சற்று முன்னால் உங்கள் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த அளவுக்கு வரி இல்லை, படிவம் 982 போட வேண்டும். ஆனால் சொத்து என்றால் எல்லாம்: கார், 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, ஊரில் உங்கள் பெயரில் இருக்கிற நிலம் வரைக்கும். தூத்துக்குடிப் பக்கம் அப்பா எழுதிக் கொடுத்த அரை ஏக்கர் இருக்கிறது என்றால் அதையும் மதிப்புப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மார்ச் 10-ஆம் தேதி எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

2025 ஏப்ரல் 6

டாலஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பிக்கு சம்மன் வந்திருக்கிறது, "35 நாள் இருக்கிறதே" என்று நிதானமாக எழுதியிருக்கிறார். இல்லை! 35 நாள் நியூ ஜெர்சிக் கணக்கு. டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 14 நாள்தான். இன்றைக்கே பதிலைக் கொடுங்கள். கார்டு கடனுக்காக அங்கே சம்பளத்தில் கை வைக்க முடியாது, ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் வங்கிக் கணக்கை முடக்கலாம். சம்பளம் கணக்கில் விழுந்த பிறகு அது சம்பளம் இல்லை, கணக்கில் இருக்கிற பணம்.

2025 ஏப்ரல் 7

கொடுத்துவிட்டாராம். நிம்மதி.

2025 மே 11

"வேலை போய்விட்டது, ஊருக்கே திரும்பப் போகிறேன், கார்டை அப்படியே விட்டுவிட்டால் என்ன?" என்று ஒருவர். கார்டு கடன் சிவில் விவகாரம், விமான நிலையத்தில் யாரும் பிடிக்கப்போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கடன் மறையாது. நியூ ஜெர்சியில் கோர்ட் தீர்ப்பு ஆகிவிட்டால் 20 வருடம் உயிரோடு இருக்கும். நாளைக்கே வேறு வேலை கிடைத்துத் திரும்பி வந்தால் அது வாசலில் நிற்கும். போவதற்கு முன் வங்கியைக் கூப்பிட்டு, கஷ்ட காலத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். நடுவில் யாரும் இல்லாமல் வங்கியே சில மாதம் வட்டியைக் குறைத்துக் கொடுப்பதுண்டு. கேட்காதவருக்குச் சொல்ல மாட்டார்கள்.

இதைப் படிக்கும்போது வேறொன்று ஞாபகம் வருகிறது. எங்கள் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், பாளையங்கோட்டையில் இருந்து போனில், "என் வளையலை அடகு வைத்து அனுப்பட்டுமா" என்றார். நான் வேண்டாம் என்றேன். அது பெருமைக்காக இல்லை. வருடத்துக்கு 25 சதவீத வட்டி ஏறுகிற இடத்தில் அம்மா வளையலைக் கொண்டுபோய்க் கொட்டினால் வளையலும் போகும், கடனும் நிற்கும். அவரிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம். ஒன்றரை வருடம் மறைத்தோம். கடனைவிட அந்த மறைப்புதான் எங்களை அதிகம் களைக்க வைத்தது.

2025 ஜூன் 1

நான் செட்டில்மென்ட்டுக்கு முழு எதிரி என்று சிலர் நினைக்கிறீர்கள். இல்லை. கணக்கு ஏற்கனவே சார்ஜ் ஆஃப் ஆகி கலெக்ஷனுக்குப் போய்விட்டது, கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் இருக்கிறது என்றால் நீங்களே பேசி முடிக்கலாம், கட்டணம் மிச்சம். எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பணம் கொடுங்கள். போனில் சொன்னதை நம்பி ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

வட்டியை 8 சதவீதத்துக்கு இறக்கினாலும் கட்ட முடியாது, கையிலும் ஒன்றும் இல்லை என்றால், திவால் வக்கீலை ஒரு முறை பாருங்கள். முதல் சந்திப்பை இலவசமாகத் தருகிறவர்கள் பலர் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு முகம் சுருங்கும், தெரியும். திவால் மனு போடுவதற்கு முந்தைய 180 நாளுக்குள் கிரெடிட் கவுன்சலிங் முடித்திருக்க வேண்டும் என்று 2005-இல் இருந்து சட்டமே இருக்கிறது. ஆக எந்தப் பக்கம் போனாலும் கவுன்சலரைப் பார்த்தாக வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: கவுன்சலிங் அமைப்புகளுக்கு வங்கிகளிடமிருந்தும் பணம் வருகிறது. அதனால் அவர்கள் தவணைத் திட்டத்தின் பக்கம் சாய்ந்து பேசலாம். திவால் பற்றி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

2025 ஜூன் 3

கவுன்சலர் என்ன கேட்பார், திட்டுவாரா என்று ஒரு தங்கை. எங்களிடம் பேசியவர் ஒரு மணி நேரம் போனில் வரவு செலவு எழுதினார். மளிகை, பெட்ரோல், குழந்தை பள்ளி. ஊருக்கு மாதம் 300 அனுப்புகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதை வெட்டச் சொல்வார் என்று நினைத்தேன். "இது உங்களுக்கு வாடகை மாதிரி, மேலேயே எழுதிக்கொள்கிறேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் பேச்சுக்குப் பணம் இல்லை. திட்டத்தில் சேர்ந்த பிறகு மாதம் 38 டாலர் கட்டினோம். கார்டுகளை மூடிவிடுவார்கள், புதுக் கார்டு எடுக்கக் கூடாது. கிரெடிட் ஸ்கோர் கொஞ்சம் இறங்கும், ஆனால் கட்டாமல் விட்டால் விழுவது போல விழாது. எங்கள் 2019-ஆம் வருடத் தவறல்கள் ஏழு வருடம் நிற்கும், 2026 தொடக்கத்தில்தான் கிரெடிட் அறிக்கையிலிருந்து போகும். 2021-இல் வாடகை வீடு மாற்றும்போது வீட்டு உரிமையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் மறுத்தார்கள்.

2025 ஆகஸ்ட் 17

முதல் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போடவில்லை. ஜூலையில் கவுன்சலிங்கில் சேர்ந்துவிட்டார். இரண்டு வங்கி 6 சதவீதத்துக்கு வந்தாயிற்று, மூன்றாவது 9.9. மாதத் தவணை 600-க்குக் கீழே. "மிச்சம் வரும் 230-ஐ என்ன செய்யலாம்" என்று கேட்கிறார்.

மார்ச்சில் நான் ஐந்து வருடக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இதை யோசிக்கவில்லை. இப்போது கட்டிப் பழகிய 830-ஐயே தொடர்ந்தால், கட்டணம் 40 போக 790 கார்டுக்குப் போகும். 8 சதவீதத்திலேயே 39 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் 32,400-க்குள். செட்டில்மென்ட்காரர் சொன்ன 42 மாதத்தைவிடச் சீக்கிரம். ஆனால் முதல் ஆயிரம் டாலரை அவசரத்துக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள், அதற்கு அப்புறம் கூட்டிக் கட்டுங்கள். கார் டயர் வெடித்தால் கை மறுபடி கார்டைத் தேடக் கூடாது.

2025 ஆகஸ்ட் 18

மூன்றாவது வங்கியின் சம்மதம் எழுத்தில் வந்துவிட்டதா? அது வரும் வரை அந்தக் கார்டுக்கு மினிமத்தை நேரடியாகக் கட்டிக்கொண்டே இருங்கள். இந்த இடைவெளியில்தான் பலருக்கு ஒரு தவணை தவறிவிடும். செப்டம்பர் ஸ்டேட்மென்ட் வந்ததும் வட்டி விகிதம் நிஜமாகவே 9.9 என்று மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

2025 செப்டம்பர் 21

மாறியிருக்கிறதாம். இந்த மாதம் மூன்று கார்டுக்கும் சேர்த்து வட்டி 160 டாலர். மார்ச்சில் 562.